எலும்பு மஜ்ஜைக் கொடையும் திசுப் பொருத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் புற்றுநோய், தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் எழும் முதல் கேள்வி "யார் கொடுப்பது?" என்பதுதான். கொடையாளர் பதிவு முகாமில் நிற்பவர்களின் முதல் கேள்வி வேறு: "வலிக்குமா?" இரண்டு தரப்பும் கேட்பவை இங்கே கலந்தே வருகின்றன. பதிலில் அதிக இடம் பிடித்திருப்பது பொருத்தம் பற்றிய பகுதி. குழப்பம் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

எலும்பு மஜ்ஜை மாற்று என்றால் எலும்பை வெட்டி எடுத்து வைப்பதா?

இல்லை. எலும்புக்குள் இருக்கும் மென்மையான பகுதிதான் மஜ்ஜை. சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எல்லாம் அங்கே உள்ள ஸ்டெம் செல்களில் இருந்து உருவாகின்றன. நோயாளியின் கெட்டுப்போன மஜ்ஜையை மருந்தாலோ கதிர்வீச்சாலோ அழித்துவிட்டு, கொடையாளரின் ஸ்டெம் செல்களை ரத்தம் ஏற்றுவது போலவே ரத்த நாளம் வழியாக ஏற்றுவார்கள். அந்தச் செல்கள் தாமாகவே எலும்புக்குள் போய்ச் சேர்ந்து, சில வாரங்களில் புது ரத்தத்தை உண்டாக்கத் தொடங்கும். அறுவை சிகிச்சை என்று நோயாளிக்கு எதுவும் இல்லை. முதுகுத் தண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ரத்த வகை ஒன்றாக இருந்தால் போதாதா?

ரத்த வகை இங்கே கிட்டத்தட்ட ஒரு பொருட்டே அல்ல. ஓ பாசிட்டிவ்காரர் பி பாசிட்டிவ்காரருக்குக் கொடுக்கலாம். சிகிச்சைக்குப் பிறகு நோயாளியின் ரத்த வகையே மெல்லக் கொடையாளருடையதாக மாறிவிடும்.

பார்க்க வேண்டியது எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்களை. நம் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்கள் இவை. இது என் உடம்பைச் சேர்ந்தது, இது வெளியிலிருந்து வந்தது என்று நோய் எதிர்ப்பு மண்டலம் இவற்றை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. 1958-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே இவற்றில் முதலாவதைக் கண்டறிந்தார். அதற்காக 1980-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவற்றுக்கான மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமர்ந்திருக்கின்றன.

சிறுநீரக மாற்றில் வந்த உறுப்பை உடம்பு நிராகரிக்குமோ என்பதுதான் பெரிய பயம். மஜ்ஜை மாற்றில் அதோடு எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. ஏற்றப்படுவதே ஒரு புது நோய் எதிர்ப்பு மண்டலம் என்பதால், பொருத்தம் சரியில்லாவிட்டால் வந்த செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும். ஜி.வி.எச்.டி. என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். லேசாக வந்து போனால் சமாளிக்கலாம். ரத்தப் புற்றுநோயில் அதே எதிர்ப்பு மிச்சமிருக்கும் புற்று செல்களையும் சேர்த்து அழிப்பதால் ஓரளவு நன்மைகூட உண்டு. கடுமையாக வந்தால் உயிருக்கே ஆபத்து.

பத்துக்குப் பத்து, எட்டுக்கு எட்டு என்கிறார்களே, அது என்ன கணக்கு?

எச்.எல்.ஏ. மரபணுக்களில் ஏ, பி, சி, டி.ஆர்.பி.1, டி.க்யூ.பி.1 என்ற ஐந்தை முக்கியமாகப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றிலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஆக மொத்தம் பத்து. பத்தும் ஒத்துப்போனால் 10/10. கடைசி மரபணுவை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 8/8.

ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்ப்பவர்கள் ஏழு எட்டு தேறினாலே தேதி குறித்துவிடுவார்கள். இங்கே நீண்ட காலம் அந்தத் தாராளம் இருந்ததில்லை. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், வெளியாரிடம் இருந்து 8/8 பொருத்தத்தில் செல் பெற்றவர்களில் 52 விழுக்காட்டினர் ஒரு வருடம் கழித்து உயிரோடு இருந்தார்கள். ஒரே ஒரு குறைவு இருந்தபோது அது 43 ஆக இறங்கியது. மருந்துகள் மேம்பட்டதால் இப்போது இந்த இடைவெளி நன்றாகவே குறைந்துவிட்டது. ஆனாலும் முழுப் பொருத்தம் கிடைத்தால் டாக்டர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கூடப் பிறந்தவர்களிடம் பொருந்துமா?

ஒவ்வொரு உடன்பிறப்புக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. இந்த மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், தனித்தனியாகச் சிதறாமல் ஒரே தொகுப்பாக அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. இந்தத் தொகுப்புக்கு ஹாப்லோடைப் என்று பெயர். அப்பாவிடம் இரண்டு தொகுப்பு, அம்மாவிடம் இரண்டு. பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்று. மொத்தம் நான்கு சேர்க்கைகள்தான் சாத்தியம்.

கூடப் பிறந்தவர் ஒருவர் என்றால் வாய்ப்பு 25 விழுக்காடு, இருவர் என்றால் சுமார் 44, மூவர் என்றால் 58. தாத்தா காலத்தில் ஐந்தாறு பிள்ளைகள் இருந்த வீடுகளில் கணக்கு சாதகமாக இருந்தது. இன்றைய தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. அதனால்தான் வெளியாரைத் தேட வேண்டிய தேவை கூடிக்கொண்டே போகிறது. பெற்றோர் எப்போதும் பாதிப் பொருத்தம்தான், ஒரு விதிவிலக்கைத் தவிர. அது அடுத்த கேள்வி.

நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். அது உதவுமா, கெடுக்குமா?

இரண்டும்தான்.

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் மணம் முடிப்பது தென்னிந்தியாவில் இன்றும் குறைவில்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு திருமணத்துக்கும் மேல் உறவுக்குள் நடந்ததாகவே இருந்தது. கணவனும் மனைவியும் ஒரே தாத்தா பாட்டியின் வழியில் வந்தவர்கள் என்றால், ஒரே ஹாப்லோடைப் இருவரிடமும் இருக்கலாம். அப்போது ஓர் அம்மாவோ அப்பாவோ தன் பிள்ளைக்கு முழுப் பொருத்தமாக அமைவது நடக்கக்கூடியதே. சித்தப்பா, மாமா பிள்ளைகள் பொருந்துவதும் உண்டு. அதனால் இப்படிப்பட்ட குடும்பங்களில் உடன்பிறந்தவர்களோடு நிறுத்திக்கொள்ளாமல் நெருங்கிய சொந்தங்களையும் பரிசோதித்துப் பார்ப்பது வீண் வேலை அல்ல. டாக்டரிடம் வம்சாவளியை வரைந்தே காட்டுங்கள். "நாங்க சொந்தம்தான்" என்று பொதுவாகச் சொன்னால் யார் யாருக்கு எந்த வழியில் சொந்தம் என்பது பிடிபடாது.

மறுபக்கம், தலசீமியா, பிறவியிலேயே நோய் எதிர்ப்புக் குறைபாடு போன்ற மஜ்ஜை மாற்று தேவைப்படும் சில நோய்கள், ஒரே பழுது அம்மா அப்பா இருவரிடமிருந்தும் வரும்போது உண்டாகின்றன. உறவுத் திருமணம் அந்த வாய்ப்பைக் கூட்டுகிறது. கொடையாளரைத் தரும் அதே வழக்கம் நோயையும் தருகிறது என்று சொல்லலாம். கொடையாளர் எளிதாகக் கிடைப்பார் என்று யாரும் சொந்தத்தில் பெண் எடுக்க வேண்டியதில்லை.

வெளியாரில் பொருத்தம் ஏன் வம்சாவளியை ஒட்டி அமைகிறது?

எச்.எல்.ஏ. மரபணுக்களுக்கு இதுவரை கண்டறியப்பட்ட வடிவங்கள் மட்டும் 40,000-ஐத் தாண்டும். மனித மரபணுத் தொகுதியிலேயே மிக அதிகமாக மாறுபடும் பகுதி இது. காரணம் கிருமிகள்தான். ஒரு ஊரில் எல்லோருக்கும் ஒரே மாதிரியான அடையாளங்கள் இருந்தால், அதை ஏமாற்றக் கற்ற ஒரு கிருமி ஊரையே வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே பன்முகம் கொண்ட கூட்டங்கள் தப்பின. எந்த நிலப்பகுதியில் எந்த நோய்கள் பரவினவோ அதற்கேற்ப எந்த வடிவங்கள் மிஞ்சின என்பதும் மாறியது. நம்மைக் காப்பாற்றிய அதே வேறுபாடுதான் இன்று கொடையாளர் தேடலைக் கடினமாக்குகிறது.

இதன் விளைவை 2014-இல் அமெரிக்கப் பதிவேட்டை வைத்துச் செய்த ஓர் ஆய்வு எண்களில் காட்டியது. முழுப் பொருத்தமுள்ள, அழைத்தால் வரக்கூடிய கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு 75 விழுக்காடு. தெற்காசியருக்கு 33. ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு 19. பதிவு செய்தவர்களின் எண்ணிக்கை குறைவு என்பது ஒரு காரணம். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு இன்னொன்றும் சேர்கிறது: மனிதகுலம் அங்கிருந்தே கிளம்பியதால் மரபணு வேறுபாடு அங்கேதான் மிக அதிகம். எனவே அதே அளவு வாய்ப்புக்கு அவர்களில் இன்னும் அதிகம் பேர் பதிவு செய்ய வேண்டியிருக்கும். வெவ்வேறு கண்டத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர்களின் தேடல் இன்னும் சிரமம்; இரண்டு தொகுப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம்.

இந்தியாவில் 140 கோடிப் பேர் இருக்கிறோம். நமக்கா கொடையாளர் பஞ்சம்?

ஆள் பஞ்சம் இல்லை, பதிவுப் பஞ்சம். எட்டரைக் கோடி மக்கள்கூட இல்லாத ஜெர்மனியில் கிட்டத்தட்ட ஒரு கோடிப் பேர் பதிவு செய்திருக்கிறார்கள். இந்தியாவில் எல்லாப் பதிவகங்களையும் கூட்டினாலும் சில லட்சங்கள்தான். 2009-இல் தொடங்கிய, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தாத்ரி இவற்றில் பெரியது. பெங்களூரில் இருந்து இயங்கும் டி.கே.எம்.எஸ். இந்தியா போன்ற அமைப்புகளும் உண்டு.

அப்புறம், எண்ணிக்கையைத் தாண்டிய ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு "இந்தியர்" என்பது ஒரே கட்டமாகத் தெரியும். மரபணு ரீதியாக அப்படி ஒரு கூட்டமே இல்லை. ஆயிரக்கணக்கான சமூகங்கள் பல நூறு ஆண்டுகளாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து வந்திருக்கின்றன. 2017-இல் ஐதராபாத்தின் சி.சி.எம்.பி. என்ற உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 260-க்கும் மேற்பட்ட தெற்காசியச் சமூகங்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 81 சமூகங்கள், சிறு கூட்டத்தில் இருந்து பெருகியவர்கள் என்பதற்கு உலகெங்கும் உதாரணமாகக் காட்டப்படும் ஃபின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் விட அழுத்தமான அடையாளத்தைக் கொண்டிருந்தன. பக்கத்துப் பக்கத்துத் தெருவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களின் எச்.எல்.ஏ. தொகுப்புகள் வெவ்வேறாக இருப்பது இதனால்தான்.

ஆகவே ஒரே மாதிரிப் பின்னணி கொண்ட பத்தாயிரம் பேரைச் சேர்ப்பதைவிட, பல இடங்களில் இருந்து ஆயிரம் ஆயிரமாகச் சேர்ப்பதில் பயன் கூடுதல். நம் முகாம்கள் நடப்பதோ பெரும்பாலும் பெருநகரக் கல்லூரிகளிலும் ஐ.டி. நிறுவனங்களிலும். இளைஞர்கள் ஒரே இடத்தில் கிடைப்பார்கள், படிவம் நிரப்பத் தெரியும், வசதிதான். ஆனால் அரிவாள் செல் சோகை இருக்கும் நீலகிரிப் பழங்குடிக் குடும்பத்துக்குப் பொருந்துபவர் சோழிங்கநல்லூர் அலுவலகத்தில் அகப்படும் வாய்ப்பு எவ்வளவு? முகாம்கள் பஸ் ஏறி வெளியூர் போகாத வரை இந்த ஓட்டை அடைபடாது என்பது என் கருத்து.

2014-இல் இந்தியர்களை மட்டும் வைத்துச் செய்த ஒரு கணிப்பின்படி, இந்தியப் பதிவகம் 10 லட்சம் பேரை எட்டினால் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு சுமார் 60 விழுக்காட்டைத் தொடும். எட்ட முடியாத தூரம் இல்லை.

அப்படியானால் சாதி பார்த்துத்தான் கொடையாளரைத் தேடுவார்களா?

இல்லை. தேடும் கணினிக்குத் தெரிவதெல்லாம் எச்.எல்.ஏ. எண்கள்தான். ஒரே சமூகத்துக்குள் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பது சராசரிக் கணக்கு. தனி ஒருவரின் பொருத்தம் மொழி, மதம், மாநிலம் எல்லாவற்றையும் தாண்டி அமைவது உண்டு. "எங்க ஆளுங்க யாராவது கிடைப்பாங்களா" என்று சாதிச் சங்க வாட்ஸ்அப் குழுக்களில் வேண்டுகோள் விடும் குடும்பங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நோயாளிக்காக அவசரமாகக் கூட்டும் முகாமில் அந்த நோயாளிக்கே பொருத்தம் கிடைப்பது மிக மிக அரிது. அங்கே பதிவு செய்பவர்கள் பிற்பாடு வேறு யாருக்கோ உதவுவார்கள்.

வெளிநாட்டில் இருக்கிறேன். நான் எங்கே பதிவு செய்வது?

நீங்கள் வசிக்கும் நாட்டில். பதிவகங்கள் உலக அளவில் இணைக்கப்பட்டுள்ளன. நான்கு கோடிக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஒரே தேடலில் பார்க்கலாம். டொரன்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளைக்குச் சேலத்திலோ கோலாலம்பூரிலோ பொருத்தம் இருக்கலாம். ஆள் பயணம் செய்ய வேண்டியதில்லை. எடுத்த செல்களைக் குளிர்பெட்டியில் வைத்து, அதற்கென ஒருவர் கையோடு விமானத்தில் கொண்டுபோவார். சிங்கப்பூரில் 1993 முதல் இதற்கென ஒரு பதிவகம் இயங்குகிறது.

இந்த ஏற்பாடு முழுவதற்கும் முன்னோடி லண்டனில் 1974-இல் ஒரு தாய் தொடங்கிய பதிவேடு. ஷெர்லி நோலன் தன் மகன் ஆன்டனிக்காக ஆரம்பித்தார். சிறுவனுக்குக் கடைசி வரை பொருத்தம் கிடைக்கவில்லை, 1979-இல் இறந்துபோனான். அவன் பெயரில் அந்தப் பதிவகம் இன்றும் நடக்கிறது.

முழுப் பொருத்தம் எங்கேயுமே கிடைக்காவிட்டால்?

இருபது வருடத்துக்கு முன்பு இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மௌனம்தான் பதில். இன்று அப்படி இல்லை.

பாதிப் பொருத்தமுள்ள பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு ஆகியோரிடமிருந்தே எடுக்கலாம். ஹாப்லோ மாற்று என்று மருத்துவமனைகளில் சொல்வார்கள். செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய, விலை குறைந்த புற்றுநோய் மருந்தைக் கொடுத்தால், நோயாளியைத் தாக்கக் கிளம்பும் செல்கள் அழிந்து, ஸ்டெம் செல்கள் தப்பிவிடும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் செம்மைப்படுத்திய இந்த வழி இந்தியாவிலும் வேகமாகப் பரவியது. பணமும் நேரமும் குறைவாக உள்ள குடும்பங்களுக்கு இது பெரிய வரம். இதே மருந்தைப் பயன்படுத்தி, ஓரிரு பொருத்தம் குறைந்த வெளியாரிடமிருந்தும் இப்போது துணிந்து எடுக்கிறார்கள்.

தொப்புள் கொடி ரத்தம் இன்னொரு வழி. 1988-இல் பாரிஸில் முதன்முறையாகச் செய்யப்பட்டது. பொருத்தம் சற்றுக் குறைந்தாலும் ஏற்கும். செல்கள் குறைவு என்பதால் பெரியவர்களுக்குப் போதாமல் போவதுண்டு. இதைச் சாக்கிட்டு, "உங்கள் குழந்தையின் கொடி ரத்தத்தை அதற்காகவே சேமியுங்கள்" என்று கர்ப்பிணிகளிடம் விற்பனைக்கு வருகிறவர்களை நம்பிப் பணத்தைக் கொட்ட வேண்டாம். தலசீமியா குழந்தையின் கொடி ரத்தத்திலும் அதே தலசீமியா மரபணு இருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். இந்த வணிகச் சேமிப்பைப் பரிந்துரைக்கவில்லை.

ஹாப்லோ வந்துவிட்டதே, பதிவகம் இனி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பெற்றோருக்கு வயதாகிவிட்டது, அண்ணனுக்கும் அதே மரபணுக் கோளாறு, நோயாளியின் ரத்தத்தில் குடும்பத்தாரின் எச்.எல்.ஏ.வுக்கு எதிரான ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே இருக்கிறது (அடிக்கடி ரத்தம் ஏற்றிய தலசீமியா பிள்ளைகளிடம் இது சாதாரணம்) என்று பல நிலைமைகள் வரும். அங்கே வெளியில் உள்ள இளம் கொடையாளர்தான் கதி.

பதிவு செய்ய என்ன வேண்டும்?

18 வயது முடிந்திருக்க வேண்டும், ஆரோக்கியம் வேண்டும். மேல் வயது வரம்பு பதிவகத்துக்குப் பதிவகம் மாறும், இந்தியாவில் 50-55. கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுப்பார்கள். ஒரு படிவம். அவ்வளவுதான்.

கொடுக்கும்போது வலிக்குமா?

இப்போது பெரும்பாலும் கையில் உள்ள ரத்த நாளத்தில் இருந்தே எடுக்கிறார்கள். அதற்கு முன் நான்கைந்து நாள் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி போடுவார்கள், மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்குள் இறங்கி வர அது உதவும். அந்த நாட்களில் எலும்பு வலி, தலைவலி, காய்ச்சல் வருகிற மாதிரி உடம்பு அசதி இருக்கும். பாராசிட்டமால் போதும். எடுக்கும் நாளில் ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், ஸ்டெம் செல் பிரிக்கப்பட்டு, மீதி மறு கை வழியாகத் திரும்பும். நான்கு முதல் ஆறு மணி நேரம். சிலருக்கு மறுநாளும் தேவைப்படும்.

நேரடியாக மஜ்ஜையே வேண்டும் என்றால், மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் ஊசியால் எடுப்பார்கள். சில நாள் இடுப்பில் வலி இருக்கும். எடுத்தது சில வாரங்களில் தானாக ஊறிவிடும்.

கல்யாணமாகாத பெண் கொடுக்கலாமா? பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா?

கொடுக்கலாம், வராது. கருப்பைக்கும் இதற்கும் தொடர்பில்லை. கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் எடுக்க மாட்டார்கள். பொருத்தமானவர் பலர் இருந்தால் டாக்டர்கள் இளம் ஆண்களைத் தேர்வு செய்வதுண்டு. கருவுற்ற பெண்களின் உடம்பில் குழந்தையின் திசு அடையாளங்களுக்கு எதிர்ப்பு உருவாகியிருக்கலாம், அது ஜி.வி.எச்.டி.யைக் கூட்டும் என்பதே காரணம். ஆனால் பலர் கிடைப்பது என்பதே நம் ஊரில் அபூர்வம் என்பதால், பெண்கள் பதிவு செய்யாமல் இருக்க இது காரணம் ஆகாது.

பதிவு செய்த பிறகு மனம் மாறினால்?

எந்தக் கட்டத்திலும் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் எப்போது மறுக்கிறீர்கள் என்பதில் எல்லாம் இருக்கிறது. பதிவு செய்யும் முன்பே வேண்டாம் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. பொருத்தம் வந்து அழைக்கும்போது மறுத்தால் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை உடையும், இருந்தாலும் வேறு வழி தேட நேரம் இருக்கும். நோயாளிக்கு மஜ்ஜையை அழிக்கும் மருந்து தொடங்கிய பிறகு விலகினால், அவர் உடம்பில் பழைய மஜ்ஜையும் இல்லை, புதியதும் வரவில்லை. அது மரணத்தில் முடியலாம்.

இந்தியாவில் அழைப்பு வந்த பிறகு விலகுபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் பையனோ பெண்ணோ தயாராகத்தான் இருப்பார்கள். அம்மாவோ மாமியாரோ "உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று அழுது நிறுத்திவிடுவார்கள். அதனால் முகாமில் கன்னத்தைக் காட்டுவதற்கு முன், அன்று இரவே வீட்டில் சொல்ல முடியுமா என்று யோசியுங்கள். முகாம் நடத்துபவர்களும் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்று பெருமைப்படுவதை விட்டு, தயங்குபவர்களைத் தாராளமாகத் திருப்பி அனுப்பலாம்.

பணம் தருவார்களா? யாருக்குக் கொடுத்தேன் என்று தெரியுமா?

பணம் கிடையாது, ஸ்டெம் செல்லை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம். பரிசோதனை, பயணம், தங்கும் செலவு எதுவும் உங்கள் தலையில் விழாது. நோயாளி யார் என்பது முதலில் தெரியாது. வழக்கமாக ஒரு வருடம் கழித்து, இரு தரப்பும் சம்மதித்தால் சந்திக்க ஏற்பாடு செய்வார்கள்.

பதிவு செய்து பல வருடம் ஆகிவிட்டது, ஒரு அழைப்பும் இல்லை. மறந்துவிட்டார்களா?

இல்லை. பதிவு செய்தவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாள் முழுக்க அழைப்பே வராது. வந்தால், ஏறக்குறைய உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை என்ற நிலையில்தான் வரும். அப்படி அழைக்கும்போது பல சமயம் எண் உபயோகத்தில் இல்லை என்று பதில் வருகிறது. கல்லூரியில் கொடுத்த எண்ணை வேலைக்குப் போனதும் மாற்றியிருப்பார்கள், விடுதி முகவரியே இன்னும் பதிவில் இருக்கும். நீங்கள் பதிவு செய்த அமைப்பின் இணையதளத்தில் எண்ணையும் முகவரியையும் திருத்த வழி இருக்கும். வீட்டில் இன்னொருவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். தெரியாத எண்ணில் இருந்து வரும் அழைப்புகளை எடுக்காதவர் என்றால், அந்த அமைப்பின் எண்ணைப் போனில் பெயரோடு சேமித்து வையுங்கள்.